காணா நட்பு

சோழ வளநாட்டின் உயிர்நாடியாக விளங்குவது காவிரியாறு. குடகு மலையில் பிறந்து, கருநாடகத்தைக் கடந்து, தமிழகம் புகும் அப்பேராறு, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் இரண்டாகக் கவர்க்கின்றது. வடபால் செல்லும் கிளை கொள்ளிடம் எனவும், தென்பால் செல்லும் கிளை காவிரி எனவும் பெயர் பெறும். இரண்டு கிளைகளுக்கும் நடுவே, அரங்கநாதர் கோயில் கொண்ட திருவரங்கம் ஒரு தீவாக அமைந்துள்ளது. ஆறு இவ்வாறு கவர்க்கும் இடமே முக்கொம்பு.

கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. காவிரியின் படுகையிலோ மணலும் வண்டலும் படிந்து வந்தன. அதனால் ஒரு காலத்தில் ஆற்று நீரின் பெரும்பகுதி கொள்ளிடத்தின் வழியே ஓடிக் கடலில் கலந்தது. தஞ்சை வயல்கள் நீரின்றி வாடின. இக்குறையைப் போக்க 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியியல் வல்லுநர் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டுவித்தார். மேலணை என வழங்கும் அவ்வணை, வீணே கடலுக்குச் செல்லும் நீரைத் தடுத்து, வயலுக்கு உரிய நீரை வயலுக்கு அளிக்கும் காவலாக அமைந்தது.

முக்கொம்புக்கு அண்மையில், காவிரியின் வடகரையில் உள்ள வாத்தலையிலிருந்து புள்ளம்பாடி வாய்க்கால் பிரிந்து செல்கின்றது. வழியெங்கும் வயல்களை நனைத்துச் செல்லும் அவ்வாய்க்காலின் நீரைப் பெறும் ஏரிகளுள் ஒன்று, அரியலூர் மாவட்டத்தில் உள்ள கரைவெட்டி ஏரி. ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புடைய அவ்வேரி, மேட்டூர் அணையின் நீர் வரத் தொடங்கியபின் சிறுகச் சிறுக நிரம்பி, கார்த்திகை மாதத்தில் கடல் போலக் காட்சியளிக்கும். சுற்றியுள்ள ஊர்களின் நெல்லும் கரும்பும் அதனை நம்பி வளர்கின்றன. ஆனால் அந்த நீரை நம்பியிருப்போர் உழவர் மட்டும் அல்லர்.

பனிக்காலம் தொடங்கியதும் வானத்தில் கூட்டம் கூட்டமாகப் பறவைகள் தோன்றும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் முதலிய பலவகை நீர்ப்பறவைகள் வடதிசையிலிருந்து வந்து இறங்கும். காவிரிக் கரையின் சேற்றுத் திட்டுகளில் உள்ளான்களும் வாலாட்டிகளும் ஓடியாடி இரை தேடும். கரைவெட்டியில் இதுவரை ஏறத்தாழ 198 பறவையினங்கள் காணப்பட்டுள்ளன. அவற்றுள் தனிச் சிறப்புடையது வரித்தலை வாத்து. சாம்பல் நிற உடலும், வெண்மையான தலையும், தலையின் பின்புறத்தே இரண்டு கரிய பட்டைகளும் உடையது அது. அப்பட்டைகளே அதற்குப் பெயரைத் தந்தன.

அதன் தாயகம் மங்கோலியா, திபெத்து முதலிய நாடுகளின் உயர்ந்த பீடபூமிகளில் உள்ள ஏரிக்கரைகளாகும். கோடையில் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றது. பனி உறையத் தொடங்கியதும், குஞ்சுகளையும் அழைத்துக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்படுகின்றது. இடையே நிற்பதோ இமயமலை! அம்மலையையும் அது கடந்து வருகின்றது. 7000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இப்பறவை பறந்ததைக் கருவிகள் பதிவு செய்துள்ளன. அவ்வுயரத்தில் காற்றில் உள்ள பிராணவாயு, கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. மலையேறுவோர் ஓரடி எடுத்து வைக்கவும் மூச்சுத் திணறுவர். அங்கே சிறகை அடித்துக்கொண்டே பறந்து, 4000 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வரும் அவ்விருந்தினர், காவிரி நீர் நிறைந்த ஓர் ஏரியில் இறங்கி இளைப்பாறுகின்றனர். மாசி, பங்குனி மாதங்களில் மீண்டும் வடக்கே செல்கின்றனர். இவ்வாறு பருவம் அறிந்து இடம் பெயர்ந்து சென்று மீள்வதையே வலசை போதல் என்பர்.

பறவைகள் தெற்கே வருவதையும் வடக்கே மீள்வதையும் தமிழ்ப் புலவர்கள் பண்டைக் காலத்திலேயே அறிந்திருந்தனர். பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்தவர் பிசிராந்தையார். சோழ நாட்டு உறையூரில் இருந்து ஆண்டவன் கோப்பெருஞ்சோழன். உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதியாகும். அரசனும் புலவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆயினும் உயிர் நண்பர்களாக இருந்தனர். ஆந்தையார் ஓர் அன்னச் சேவலை விளித்துப் பாடிய பாட்டு புறநானூற்றில் உள்ளது. குமரித் துறையில் மீன் உண்டு வடமலைக்கு மீளும் அப்பறவையிடம், இடைவழியில் சோழ நாடு வரும் என்றும், உறையூர் அரண்மனையில் பெடையோடு தங்கித் தம் பெயரைச் சொன்னால் அரசன் அப்பெடைக்கு அணிகலன் தருவான் என்றும் அவர் கூறுகின்றார்.

அப்பாட்டில் வரும் அன்னம் எப்பறவை என்பது பற்றி அறிஞரிடையே பல கருத்துகள் உண்டு. நம் இலக்கியங்கள் கூறும் அன்னம் வரித்தலை வாத்தே என்று கருதுவோரும் உளர். பறவையின் பெயர் எதுவாயினும், பாட்டில் உள்ள வழி உண்மையான வழி. தெற்கே குமரி; வடக்கே பெருமலை; நடுவே தங்கி இளைப்பாறும் சோழ நாடு. பாண்டிய நாட்டுக்கு ஓர் அரசன், சோழ நாட்டுக்கு வேறோர் அரசன் என்ற வேறுபாடு மக்களுக்கு உண்டு, பறவைக்கு இல்லை. அதனாலன்றோ புலவர் பறவையைத் தூது விடுத்தார்!

கோப்பெருஞ்சோழன் தன் அரசைத் துறந்து, ஆற்றிடையே மரநிழலில் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். அப்போது தன் அருகே ஆந்தையாருக்கு ஓர் இடம் ஒதுக்கச் செய்தான். ஒருமுறையும் காணாத நண்பர் எப்படி வருவார் என்று சூழ்ந்திருந்தோர் ஐயுற்றனர். அரசன் சொன்னபடியே அவர் வந்தார். தாமும் வடக்கிருந்து உயிர் நீத்தார். காணாமலே வளரும் நட்புக்கு இவர்களைத் தமிழுலகம் இன்றும் சான்றாகக் காட்டுகின்றது. வலசைப் பறவைகளைக் காப்பதற்கு இன்று உலக நாடுகள் கொள்ள வேண்டிய நட்பும் இத்தகையதே. ஒரு பறவையைக் கோடையில் காப்பவரும், குளிர்காலத்தில் காப்பவரும் ஒருவரை ஒருவர் காண்பதே இல்லை.

இந்த உண்மையை உலகம் உணர்வதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலே, தகைவிலான் குருவிகளுட் சில குளிர்காலத்தில் பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கின்றன என்று எண்ணினார். 1822-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒரு நாரை கிடைத்தது. அதன் கழுத்தில் நீண்ட ஈட்டி ஒன்று பாய்ந்திருந்தது. அந்த ஈட்டி ஆப்பிரிக்காவைச் சார்ந்தது! குளிர்காலத்தில் நாரைகள் ஆப்பிரிக்காவுக்குச் செல்கின்றன என்பதற்கு அந்த ஈட்டியே கண்கூடான சான்றாயிற்று. ஈட்டியோடு கூடிய அப்பறவையின் உடல் இன்றும் ஜெர்மனியில் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

1899-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு ஆசிரியர் மார்டென்சன் என்பவர் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையங்களை மாட்டிப் பறக்கவிடும் முறையைத் தொடங்கினார். வளையம் பூண்ட பறவை வேறோர் இடத்தில் கிடைத்தால், அது எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகும். நம் நாட்டில் இப்பணியைப் பெரிய அளவில் நடத்தியது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் தலைமையில், உலக நலவாழ்வு அமைப்பின் துணையோடு 1959-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சி, பிற்காலத்தில் தமிழகத்தின் கோடியக்கரையிலும் விரிவாக நடைபெற்றது. உள்ளங்கையில் அடங்கும் கொசு உள்ளான் வடதுருவத்தை அடுத்த பனிவெளியில் பிறந்து, கோடியக்கரையின் சேற்றுக்கு வருகின்றது. இக்காலத்தில் பறவையின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தி, செயற்கைக்கோளின் வாயிலாக அதன் வழியை நாள்தோறும் அறிகின்றனர். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை இடப்பட்ட வரித்தலை வாத்துகள் கருநாடகத்து ஏரிகளில் காணப்பட்டுள்ளன.

வழி தெரிந்தது, அதனோடு ஒரு வினாவும் எழுந்தது. இப்பறவைகள் எந்த நாட்டின் செல்வம்? மங்கோலியாவில் பிறந்ததால் மங்கோலியாவுக்கு உரியனவா? காவிரி நாட்டில் உண்டு வளர்ந்ததால் இந்தியாவுக்கு உரியனவா? இடையில் தங்கும் நாடுகளுக்கும் உரிமை உண்டன்றோ? இவ்வினாவுக்கு ஒரே விடைதான் உண்டு. அவை எந்நாட்டுக்கும் தனியுரிமை அல்ல. எல்லா நாடுகளுக்கும் பொதுப்பொறுப்பு.

பொதுப்பொருள் என்றவுடன் ஒரு தீங்கும் உடன் வருகின்றது. எல்லாருக்கும் உரியதை எவரும் காப்பதில்லை. வட அமெரிக்காவில் வானத்தை மறைக்கும் அளவு கோடிக்கணக்கில் பறந்த பயணப் புறாக்கள், கண்டவர் கண்ட இடத்தில் எல்லாம் சுட்டு வீழ்த்தியதால் அழிந்தன. அவ்வினத்தின் கடைசிப் புறா 1914-ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரத்து விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1916-இல், அமெரிக்க ஐக்கிய நாடுகளும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் வலசைப் பறவைகளைக் காக்க உடன்படிக்கை செய்துகொண்டன. புறா அழிந்தபின் வந்தது அவ்வுடன்படிக்கை. ஆயினும் பிற பறவைகளுக்கு அது அரணாயிற்று.

நம் நாட்டிலும் இத்தகைய துயர நிகழ்ச்சி ஒன்று உண்டு. இராசத்தானத்தில் உள்ள பரத்பூர் நீர்நிலைக்கு ஆண்டுதோறும் சைபீரியக் கொக்குகள் வந்தன. பாலினும் வெண்மையான இறகும், சிவந்த முகமும் உடையவை அவை. மேற்குச் சைபீரியாவில் ஓப் ஆற்றுப் பகுதியில் பிறந்து, ஆப்கானித்தானம், பாக்கித்தானம் ஆகியவற்றைக் கடந்து வந்தன. 1960-களில் சுமார் 200 கொக்குகள் பரத்பூரில் காணப்பட்டன. வழியில் வேட்டையாடினர், இடையில் இருந்த நீர்நிலைகள் சுருங்கின, போர்களும் மூண்டன. 1993-ஆம் ஆண்டில் அவற்றைக் காப்பதற்கென்றே நாடுகளுக்கிடையே ஓர் உடன்பாடு உருவாயிற்று. ஆனால் காலம் கடந்துவிட்டது. 2002-ஆம் ஆண்டுக்குப் பின்னர் அக்கொக்குகள் பரத்பூருக்கு வரவில்லை. பரத்பூரில் காவல் இருந்தது, காப்பதற்குக் கொக்குகள் இல்லை.

இதன் காரணத்தை முக்கொம்பில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி நன்கு விளக்கும். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ஆம் நாள் இரவு, காவிரியில் வெள்ளம் பெருகியிருந்தபோது, மேலணையின் 45 மதகுகளுள் 9 இடிந்து வீழ்ந்தன. எஞ்சிய 36 உறுதியாகவே நின்றன. ஆயினும் என்ன? தேக்கி வைக்க வேண்டிய நீர் அந்த உடைப்பின் வழியே கொள்ளிடத்தில் பாய்ந்து சென்றது. பாறைகளையும் மணல் மூட்டைகளையும் இட்டு, இரவு பகலாக உழைத்து அவ்வுடைப்பை அடைத்தனர். பின்னர்ப் புதிய கதவணையும் கட்டப்பட்டது. நின்ற மதகுகளின் வலிமை, விழுந்த மதகுகளின் குறையை ஈடு செய்வதில்லை. பறவையின் வழியும் அத்தகையதே. பத்து நாடுகளுள் ஒன்பது நாடுகள் காத்து, ஒரு நாடு கைவிட்டால், அந்த ஒன்றன் வழியே அவ்வினம் முழுவதும் அழிந்தொழியும்.

ஆதலால் வழி எவ்வளவு நீளமோ, சட்டமும் அவ்வளவு நீளமாக இருத்தல் வேண்டும் என்பதை நாடுகள் உணர்ந்தன. 1971-ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு ராம்சார் நகரில், நீர்நிலைகளைக் காக்கும் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 1982-ஆம் ஆண்டில் அதில் சேர்ந்தது. உலகச் சிறப்பு வாய்ந்த நீர்நிலைகள் அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் இடம் பெறுகின்றன. கோடியக்கரை 2002-ஆம் ஆண்டிலும், கரைவெட்டி 2024-ஆம் ஆண்டிலும் அச்சிறப்பைப் பெற்றன. முக்கொம்பின் அருகே பிரியும் வாய்க்கால் நீர், உலகம் போற்றும் ஓர் ஏரியை நிரப்புகின்றது என்பது அவ்வட்டார மக்களுக்குப் பெருமை தருவதன்றோ?

நீர்நிலையைக் காப்பது ஒன்று. பயணம் செய்யும் உயிரைக் காப்பது மற்றொன்று. பின்னதற்காக 1979-ஆம் ஆண்டு சூன் மாதம் 23-ஆம் நாள் ஜெர்மனியில் உள்ள பான் நகரில் மற்றோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அது 1983-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் இந்தியாவும் அதன் உறுப்பு நாடாக இருந்து வருகின்றது. உறுப்பு நாடுகளின் தொகை இப்போது 130-க்கும் மேற்பட்டது. அவ்வுடன்படிக்கையில் இரண்டு பட்டியல்கள் உள்ளன. அழியும் நிலையில் உள்ள இனங்கள் முதற்பட்டியலில் இடம் பெறும். அவற்றைப் பிடிப்பதையும் கொல்வதையும், அவை செல்லும் வழியில் உள்ள உறுப்பு நாடுகள் தடுத்தல் வேண்டும். பல நாடுகள் கூடி முயன்றால்தான் நலம் பெறும் என்னும் இனங்கள் இரண்டாம் பட்டியலில் இடம் பெறும். அவற்றுக்காக வழியில் உள்ள நாடுகள் தமக்குள் தனித்தனி உடன்பாடுகள் செய்துகொள்ளும்.

பறவைகள் மட்டுமே இவ்வுடன்படிக்கையின் நிழலில் வாழ்வன அல்ல. தமிழகத்துக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமை, கடலில் நெடுந்தொலைவு செல்வது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே பாக்கு நீரிணைப் பகுதியில் கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு, கடல் எல்லை இன்னதென்று தெரியாது. அதனைக் காக்கத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஒதுக்கியது. எதிர்க்கரையிலும் காவல் இருந்தால்தான் இக்கரைக் காவல் முழுமை பெறும்.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உடன்படிக்கை நாடுகளின் 13-ஆம் மாநாடு குஜராத்தில் காந்திநகரில் கூடியது. அம்மாநாட்டின் சின்னம் நம் தென்னாட்டுக் கோலத்தை ஒட்டி வரையப்பட்டது. இதனினும் பொருத்தமான சின்னம் கிடைத்தல் அரிது. புள்ளிக் கோலத்தில் முதலில் புள்ளிகளை வைக்கின்றனர். பின்னர் அவற்றைச் சுற்றிக் கோட்டை இழுக்கின்றனர். வலசைப் பறவை தங்கும் நீர்நிலைகள் புள்ளிகள். அது பறக்கும் வழி கோடு. ஒரு புள்ளி அழிந்தால் கோடு திசை தடுமாறும். சைபீரியப் பனிவெளி முதல் இந்துமாக்கடலின் தீவுகள் வரை பரந்துள்ள நடு ஆசியப் பறவை வழியில் 30 நாடுகள் உள்ளன. கரைவெட்டி அப்பெருங்கோலத்தில் ஒரு புள்ளி.

உடன்படிக்கைக்குப் படை உண்டா, காவலர் உண்டா என்று சிலர் கேட்பர். இல்லை என்பதே உண்மை. வாக்குத் தவறிய நாட்டைச் சிறையிடும் அதிகாரம் எவருக்கும் இல்லை. 2024-ஆம் ஆண்டில் உஸ்பெகித்தான நாட்டுச் சமர்கந்து நகரில் கூடிய மாநாட்டில் வெளியான அறிக்கை, உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள இனங்களுள் நூற்றுக்கு 44 தொகையில் குறைந்து வருகின்றன என்று கூறியது. ஆகவே கையெழுத்து ஒன்றே காத்துவிடும் என்று எண்ணுதல் பேதைமை. ஆயினும் கையெழுத்தால் பயனில்லை என்று எண்ணுதலும் தவறு. பகைமை முற்றியிருந்த காலத்திலேயே, 1976-ஆம் ஆண்டில், அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் வலசைப் பறவைகளைக் காக்க உடன்பாடு செய்துகொண்டன. மனிதர் ஒன்றுபட முடியாத இடத்தில் பறவை அவர்களை ஒன்றுபடுத்தியது. சமர்கந்து மாநாட்டில் நடு ஆசியப் பறவை வழிக்கெனத் தனித் திட்டமும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதனை ஒருங்கிணைக்கும் பொறுப்பு இந்தியாவுக்குக் கிடைத்தது.

எழுத்தில் உள்ள சொல் உயிர் பெறுவது ஊரில்தான். இதனை நாகாலாந்து மக்கள் மெய்ப்பித்தனர். அமூர் வல்லூறு என்னும் சிறு பறவை, கிழக்கு ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்பகுதி வரை செல்வது. இடையில், ஐப்பசி மாதத்தில், நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே இலட்சக்கணக்கில் கூடுகின்றது. 2012-ஆம் ஆண்டில் அங்குள்ளோர் மீன் வலைகளைக் கட்டி அப்பறவைகளைப் பிடித்து உணவுக்காக விற்றனர். ஒரே பருவத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் மாண்டன என்று மதிப்பிடப்பட்டது. இச்செய்தி உலகெங்கும் பரவியது. அரசும், தொண்டர்களும், திருச்சபையினரும், ஊர் மன்றத்தாரும் கூடிப் பேசினர். அடுத்த ஆண்டே, 2013-இல், வலைகள் அகன்றன, வேட்டை நின்றது. அவ்வாண்டில் இந்திய அறிஞரும் அங்கேரி நாட்டு அறிஞரும் சேர்ந்து மூன்று வல்லூறுகளுக்குக் கருவி பொருத்தி, நாகா, ஓக்கா, பாங்தி என்று அம்மண்ணின் பெயர்களையே சூட்டிப் பறக்கவிட்டனர். தம் ஊரின் பெயரைத் தாங்கிய பறவை கடல் கடந்து செல்வதை அறிந்த மக்கள், அதனைத் தம் பிள்ளை போலக் கருதத் தொடங்கினர். நேற்று வலை விரித்த கைகளே இன்று காவல் புரிகின்றன.

தமிழகத்திலும் இத்தகைய பெருந்தன்மைக்குக் குறைவில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சிப் பறந்துவிடலாகாது என்று தீபாவளி நாளிலும் வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கல் உழவர்கள் நெடுங்காலமாகத் தம் ஏரிப் பறவைகளைக் காத்து வருகின்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகின்றது. விருந்தினருக்கு இடம் தந்தவர் வெறுங்கையராக நிற்பதில்லை.

ஆயினும் இக்காவல் எப்போதும் எளிதன்று. மழை பொய்த்த ஆண்டில் ஏரியின் கடைசி நீருக்கு வயலும் காத்திருக்கும், பறவையும் காத்திருக்கும். உழவரின் வயிறும் உயிர்தான். அதனை மறந்து பறவையை மட்டும் பேசுதல் அறமாகாது. மேட்டூரில் திறந்த நீர் வாய்க்காலில் தடையின்றி வருதல், ஏரி தூர்ந்து போகாதிருத்தல், ஆக்கிரமிப்புகள் அகலுதல், கழிவு கலவாதிருத்தல் ஆகிய நான்கும் நிறைவேறினால் இருவருக்கும் நீர் கிடைக்கும். உழவருக்கு நன்மையானது பறவைக்கும் நன்மை. இரண்டையும் பகையாக்குவது பெரும்பாலும் மனிதனின் கவனக்குறைவே.

இப்பணியில் மாணவர்க்கும் ஓர் இடம் உண்டு. ஆண்டுதோறும் சனவரித் திங்களில் ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. 1987-ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பணியில் தொண்டர்கள் பலர் ஏரிக்கரைகளில் நின்று பறவைகளை எண்ணுகின்றனர். பறவைகளின் பெயரையும் உருவத்தையும் கற்றுக்கொண்ட மாணவர் எவரும் அதில் உதவலாம். கவண்கல்லைக் கையால் தொடாதிருப்பதும், ஏரியில் குப்பையை வீசாதிருப்பதும், கண்ணி வைப்போரைக் கண்டால் வனத்துறைக்கு அறிவிப்பதும் அவர்களால் இயலும் செயல்களே. சிறியவை என்று இவற்றை இகழ்தல் ஆகாது. ஒரு வாத்து இமயத்தைக் கடந்ததும் ஒவ்வொரு சிறகடிப்பாகவே அன்றோ?

மங்கோலியாவில் ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் ஒரு கூட்டைக் கண்டு, முட்டையைத் தொடாமல் விலகிச் செல்கின்றான். வாத்தலையில் ஒரு பணியாளர் காலம் தவறாது வாய்க்கால் மதகைத் திறக்கின்றார். கரைவெட்டியில் ஓர் உழத்தி, நாற்றங்காலின் அருகே இறங்கிய பறவையைக் கல்லெறியாமல் கைதட்டி ஓட்டுகின்றாள். இம்மூவரும் ஒருவரை ஒருவர் காணப் போவதில்லை. ஒருவர் மொழியை மற்றவர் அறியார். ஆயினும் மூவரும் சேர்ந்தே ஒரு பறவையை வாழ வைக்கின்றனர். நாடுகளின் உடன்படிக்கை என்பது இக்காணா நட்புக்கு எழுதிய முறியே ஆகும். அந்நட்புக்கு முகம் பார்த்தல் வேண்டுவதில்லை. அவரவர் தம் பங்கைத் தவறாது செய்தலே போதும்.